முப்பத்தோராம் நாளுக்கு ஒரு குருக்கள்

1

தொடங்கும் முன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊர் ஒட்டுசுட்டானில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதற்குப் பிறகு கடிதங்களையும் படிவங்களையும் தவிர எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூசும். படித்தவர்கள் வாசிக்கிற பக்கத்தில் என் கதை எதற்கு என்று பல தடவை யோசித்து, எழுதியதைக் கிழித்தும் போட்டேன். ஆனாலும் சமயம் தெரிந்த யாராவது ஒருவர் இதை வாசித்து, இவள் செய்தது சரி என்றோ பிழை என்றோ தன் மனதுக்குள்ளாவது சொல்லக்கூடும். அந்த ஒரு ஆசையில் எழுதுகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் வட கோடியில், கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்த அடுத்த வருசம், 2003இல், ஏழு வயது மகள் மதுராவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். கணவர் எங்களுக்கு முன்பே வந்தவர். அவருக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை. ஐந்து வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். நான் கரையில், மீன் தொழிற்சாலையில் முள் எடுக்கிறேன். காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் வெள்ளைத் துண்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். இரைச்சலுக்காகக் காதை மூடியிருப்போம். ஒரு சொல்லும் பேசாமல் வேலை முடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை என்று முதலில் சந்தோசப்பட்டேன். ஆறு வருசம் போன பிறகு அப்படி நினைப்பதில்லை.

இந்த வருசம் மே மாதக் கடைசியில், ஊரில் சண்டை முடிந்த கையோடு, தம்பியின் போன் வந்தது. ஜனவரிக்குப் பிறகு அவன் குரலை அன்றுதான் கேட்டேன். தப்பி வந்த சனத்தைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் யாரோ ஒருவரின் போனை வாங்கிக் கதைத்தான்.

“அக்கா, ரெண்டு நிமிசம்தான். அழாமல் கேள். அம்மா போயிட்டா. இண்டைக்கு ஆறாம் நாள்.”

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவன் சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது.

“காய்ச்சலும் வயித்தோட்டமும். எரிக்கேல்லை அக்கா, தாட்டது. அண்டைக்கு அஞ்சாறு பேரை ஒண்டாய்த் தாட்டது. எங்கடை ஊர்க் குருக்கள் உயிரோடைதான் இருக்கிறார். ஆனா மற்றப் பக்கம், வேலிக்கு அங்காலை. நான் இஞ்சாலை நிண்டு கத்திக் கூப்பிட்டனான். அவருக்குக் கேக்கேல்லை.”

“அம்மா ஏதும் கேட்டவாவோ?”

“செருப்புத்தான் கேட்டவா. கடலேரித் தண்ணிக்குள்ளாலை தப்பி வரேக்கை போயிட்டுது. கடைசி மட்டும் வெறுங்கால். கால் முழுக்கப் புண். ஒரு சோடி எடுத்துக் குடுக்க எவ்வளவோ பாத்தன், கிடைக்கேல்லை. அக்கா, முப்பத்தோராம் நாள் நீதான் செய்விக்கவேணும். இஞ்சை ஏலாது. செருப்பும் குடையும் மறக்காமல் குடு. அதுக்கு அடுத்த நாள் எப்பிடியும் உனக்குப் போன் எடுப்பன்.”

போன் நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் சைவக் குருக்களை அழைத்து, செத்தவரின் பேரில் துணி, செம்பு, அரிசி, காய்கறி, குடை, செருப்பு எல்லாம் தானம் கொடுப்பது எங்கள் வழக்கம். குருக்கள் அந்தச் செருப்பைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், போகிற வழியில் அவை செத்தவருக்குப் போய்ச் சேரும். வாங்கியவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வீட்டுக்காரர் அவரிடம் போய்வாங்கோ என்று சொல்லக் கூடாது. வாங்க ஆள் இல்லாவிட்டால் அம்மா வெறுங்காலோடுதான்.

2

எங்கள் பக்கத்தில் சாமி காரியம் செய்கிறவர்களுக்கு எத்தனை பெயர்கள் இருந்தன என்று அந்த நாட்களில்தான் யோசித்தேன். பிள்ளையார் கோயிலுக்குச் சைக்கிளில் வருகிறவர் ஐயர். கல்யாணத்துக்கு வருவார், செத்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். காட்டோரத்து அம்மன் கோயிலில் உடுக்கடித்து, உருவந்து ஆடி, யானை வயலுக்குள் இறங்காமல் இருக்க நேர்த்தி வைக்கிறவர் பூசாரியார். அவர் நூல் கட்டினால் பிள்ளைகளின் காய்ச்சல் நிற்கும். ஆனால் பிள்ளையார் கோயில் மூலஸ்தானத்துக்குள் அவர் போக ஏலாது. சாவுக்கு வருகிறவர் குருக்கள். பெரிய கோயில் ஐயர்மாரையும் குருக்கள் என்பதால், இவரைச் சைவக் குருக்கள் என்று முழுதாகச் சொல்வோம். விடியற்காலையில் அவர் சைக்கிள் எங்கள் ஒழுங்கையால் போனால், அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் படலையடிக்குப் போய், “ஆராம்? செத்தது ஆராம்?” என்று அடுத்த வீட்டைக் கேட்பார்.

வெள்ளை அங்கி பறக்க மோட்டர்சைக்கிளில் வருகிறவர் பாதர். பாதர் இல்லாத நாட்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிறவர் உபதேசியார். கொட்டில் போட்டுக் கூட்டம் வைக்கிறவர் பாஸ்டர். முல்லைத்தீவுப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர் மௌலவி, அம்மாவின் வயதுக்காரர் சொன்னால் லெப்பை. பல வருசம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு இடிந்த பள்ளியைப் பார்க்க வந்த ஒரு மௌலவி, வழியில் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டார். எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அம்மா கத்தியோடு போய் ஒரு இளநீரை வெட்டிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, “ஆருக்கு என்ன முறையெண்டு தெரியாட்டி இளநீரைக் குடு. அது ஒருத்தற்றை கோப்பையுமில்லை” என்றார்.

அதே வருசம் அம்மாவுக்குக் கண் காட்ட வவுனியாவுக்குப் போனோம். மகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று பூசாரியாரும் எங்களோடு தொற்றிக்கொண்டார். வழியில் சோதனைச் சாவடியைத் தாண்டி பஸ் மாறி ஏறினோம். முன் சீற்றுக்கு மேலே ‘மதகுருமாருக்கு’ என்று எழுதியிருந்தது. பூசாரியாருக்கு வாசிக்கத் தெரியாது. வெற்றிடம் கண்டு போய் இருந்துவிட்டார். மேலில் ஒரு சால்வை, தலையில் குடுமி, நெற்றி நிறையக் குங்குமம்.

கண்டக்டர் பொடியன் வந்தான். “ஐயா, எழும்புங்கோ. அது மதகுருமாரின்ரை சீற்.”

“நானும் கோயில்காரன்தான், தம்பி.”

“எந்தக் கோயில்?”

“காட்டுக் கோயில்.”

“கோயில் காட்டிலை இருக்கட்டும். நீங்கள் பின்னாலை போங்கோ.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, அம்மாளாச்சி ஊருக்குள்ளை வாறதெண்டால் இவரிலை ஏறித்தான் வாறவா. எழும்பச் சொல்லுறதெண்டால் அவவிட்டைச் சொல்லு. வேணுமெண்டால் நான் இப்பவே ஆளை ஆடப் பண்ணுறன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டு ரிக்கெற்றைக் கிழித்தான். இரண்டு தரிப்பு தாண்டி ஒரு பிக்கு ஏறினார். பூசாரியார் எழும்பப் பார்த்தார். பிக்கு கையால் இருக்கச் சொல்லிவிட்டு, மிச்ச இடத்தில் தானும் இருந்தார். ஒருவர் பாசை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் யன்னலால் ஒரே வயலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். “இப்ப அந்தச் சீற் நிறைஞ்சிட்டுது” என்று அம்மா என் காதுக்குள் சொன்னார்.

இத்தனை பேர் இருந்த இடத்தில் அம்மாவுக்கு ஒருவரும் வரவில்லை.

3

முப்பத்தோராம் நாள் ஒரு புதன்கிழமையில் விழுந்தது. லீவு கேட்கப் போனேன். தொழிற்சாலைக் கந்தோரில் இருந்த பெண் ஒரு தாளைத் தந்தாள். சமயக் காரணத்துக்காக லீவு எடுப்பதற்கான படிவம். பெயர், நாள், என்ன சடங்கு. கடைசியில் ஒரு கோடு: ‘பிரெஸ்ட் அல்லது சமயத் தலைவரின் பெயரும் கையொப்பமும்.’ பிரெஸ்ட் என்றால் இந்த நாட்டில் மதகுரு. பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் ஆள் செத்தாலும் அந்த ஒருவரே வருவார், அந்த ஒரு சொல்லே போதும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

தலைநகரத்துக் கோயிலுக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, நான் கோயில் ஐயர். செத்த காரியம் நான் செய்யிறேல்லை. செய்தால் கோயிலுக்குள்ளை போக ஏலாது. குறை நினையாதேங்கோ. ஒரு குருக்களின்ரை நம்பர் தாறன்.”

குருக்கள் தெற்குப் பக்கத்தில் ஒரு நகரத்தில் இருந்தார். மூன்று நாள் முயன்ற பிறகுதான் எடுத்தார். குரல் அடைத்திருந்தது.

“எத்தினையாம் திகதி, பிள்ளை?”

சொன்னேன்.

“அண்டைக்கு எனக்கு நாலு வீடு. இந்த மாசம் முழுக்க இப்பிடித்தான். ஒரே திகதியிலை எத்தினை முப்பத்தொண்டு.” தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “ஞாயிற்றுக்கிழமை இஞ்சை மண்டபத்திலை ஏழு குடும்பத்துக்கு ஒண்டாய்ச் செய்யிறன். வாங்கோவன்.”

“ரெண்டு பிளேன் மாறவேணும் ஐயா. தம்பியும் அதே நாளிலை செய்யச் சொன்னவன்.”

“வீட்டிலை ஆம்பிளையள் இல்லையோ?”

“அவர் கடலிலை.”

“அப்ப ஒண்டு செய்யுங்கோ. காலமை முழுகி, விளக்கேத்தி, அம்மாவின்ரை பேரைச் சொல்லித் தெரிஞ்ச தேவாரத்தைப் படியுங்கோ. பொழுதுபட முன்னம் தானத்தைக் குடுத்திடுங்கோ.”

“இஞ்சை இப்ப பொழுது படுறேல்லை, ஐயா.”

“என்ன?”

“இந்த மாசம் சூரியன் மறையாது.”

“அப்ப மணிக்கூட்டைப் பாருங்கோ” என்றார்.

செருப்பை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். சைவமாக, ஆசாரமாக இருக்கிற பெரியவர் யாராவது என்றார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றேன். அது உண்மை. இந்த ஊரில் எங்களைத் தவிர இரண்டு தமிழ்க் குடும்பங்கள். ஒன்று மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கர். மற்றது பாஸ்டரின் சபைக்குப் போகிறவர்கள். எங்கள் சடங்குகளைப் பேயின் வேலை என்று நம்புகிறவர்களிடம் செருப்பை நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை.

“அப்ப, சாமி காரியத்துக்கெண்டு தன்னை ஒதுக்கின ஒராளாய்ப் பாருங்கோ. ஆனா பிள்ளை, செத்த ஆளின்ரை பாரம் வாங்கிற ஆளோடை போகும். என்னத்துக்கு வாங்கிறன் எண்டு தெரிஞ்சு வாங்கவேணும். தெரியாத ஆளின்ரை தலையிலை கட்டிவிடாதேங்கோ. அது பாவம்.” அவர் பக்கத்தில் இன்னொரு போன் அடித்தது.

அன்று பின்னேரம் கடைக்குப் போய் ஒரு கறுத்தக் குடையும் ஒரு சோடி றப்பர்ச் செருப்பும் வாங்கினேன். அம்மாவின் கால் சின்னது. சிறுவர் பகுதியில்தான் அந்த அளவு கிடைத்தது.

4

மதுராவுக்குப் பதின்மூன்று வயது. வியாழக்கிழமைகளில் தேவாலயத்து மண்டபத்துக்குப் போவாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் போவார்கள். அங்கே வாபிள் அப்பம் சுட்டுச் சாப்பிட்டு, பாட்டுப் படித்துவிட்டு வருவார்கள். போகாதே என்று மறிக்க எனக்கு வாய் வரவில்லை. மறித்தால் என்னைப் போல வீட்டுக்குள்தான் இருப்பாள்.

“அம்மா, உன்ரை பேப்பரை நான் சேர்ச்சிலை இங்காவுக்குக் காட்டினது.”

“எந்தப் பேப்பர்?”

“லீவு பேப்பர். பிரெஸ்ட் சைன் வைக்கவேணும்தானே. இங்கா பிரெஸ்ட்தானே.”

“அவ எங்கடை ஆளில்லையடி.”

“பேப்பரிலை எங்கடை எண்டு போடேல்லையே.”

எனக்குக் கோபம் வந்தது. ஐயர் யார், குருக்கள் யார், பூசாரியார் யார் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவள் பாதி கேட்டாள், பாதி கையில் இருந்த போனைப் பார்த்தாள். கடைசியில், “இவ்வளவு பேரும் இருக்கினம். ஏன் அம்மம்மாவுக்கு ஒராளும் வரேல்லை?” என்றாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். பின்னாலேயே வந்து, “என்னத்துக்கெண்டு தெரியாமல் சைன் வைக்க மாட்டாவாம். நாளைக்கு வந்து உன்னட்டைக் கேக்கிறாவாம்” என்றாள்.

அதற்கு முன் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர் தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர். அது மாரி காலத்தில்.

இங்காவுக்கு நாற்பது வயது இருக்கும். உயரமானவர். கழுத்தில் வெள்ளைப் பட்டி, காலில் சேற்றுச் சப்பாத்து. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெண் மதகுருவை நான் அதற்கு முன் பக்கத்தில் கண்டதில்லை. பாதர் என்று சொல்ல ஏலாது. சிஸ்டர் என்றால் இவருக்குக் கணவனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஊரில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சாமி காரியம் செய்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. கடைசி வரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன்.

கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். என்ன சடங்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வே மொழி தொழிற்சாலை மொழி. கத்தி, பெட்டி, இடைவேளை, வேகமாக, நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர், வெறுங்கால், புண், செருப்பு. சொல் கிடைக்காத இடத்தில் மதுரா எடுத்துக் கொடுத்தாள். ஓரிடத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். அம்மம்மா செருப்பில்லாமல் நடந்த கதை அவளுக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இங்கா தாளை எடுத்துக் கையொப்பம் வைத்தார். பிறகு, “யார் அந்தச் செருப்பை வாங்குவார்?” என்று கேட்டார்.

“ஒருவரும் இல்லை” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் எழும்பி வாசலுக்குப் போய், ஒரு சப்பாத்தைப் போட்டும்விட்டார். இவர் போனால் இனி இந்த வாசலுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“நீங்கள் வாங்குவீர்களா?”

மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பதவியில் இருப்பவர்கள் பரிசு வாங்குவதற்கு விதிகள் இருக்கின்றன என்றார். இது பரிசு இல்லை என்றேன். குருக்கள் சொன்னதை மறைக்காமல் சொன்னேன்: செத்தவரின் பாரம் வாங்குகிறவரோடு போகும், அதனால் தெரிந்துதான் வாங்கவேண்டும்.

“நீங்கள் அதை நம்புகிறீர்களா?”

“தெரியாது. அம்மா நம்பினார்.”

அவர் மதுராவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “உங்கள் மந்திரத்தை என்னால் சொல்ல முடியாது. என் செபத்தை இங்கே சொல்வதும் சரியில்லை. நடக்க என்னால் முடியும்” என்றார். பிறகு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

5

புதன்கிழமை காலை முழுகிவிட்டு விளக்கேற்றினேன். கையை எவ்வளவு தேய்த்தும் மீன் மணம் போகவில்லை. மஞ்சள் பூசினேன். அம்மாவின் பெயரை மூன்று தரம் சொன்னேன். தேவாரம் பாதியில் மறந்துபோனது. தெரிந்த பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மதுரா பக்கத்தில் கைகட்டி இருந்தாள். அவளுக்கு ஒரு வரியும் தெரியாது. ஆனாலும் எழும்பிப் போகவில்லை.

பதினொரு மணிக்கு இங்கா வந்தார். தேவாலயத்தில் போடுகிற கறுப்பு அங்கியோடு வந்திருந்தார். சேலை, செம்பு, அரிசி, காய்கறி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு பையில் போட்டுத் தோளில் கொழுவினார். வாழைக்காய் இந்த ஊரில் இல்லை. உருளைக்கிழங்கும் கரட்டும்தான். செருப்பை நான் நிலத்தில் வைத்தேன். அவர் காலுக்கு அது பாதிதான் வந்தது. குதிக்கால் இரண்டும் வெளியே தொங்கின. வாங்கும்போது போட்டு நடக்கிறவரின் கால் என் நினைவிலேயே இருக்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன். அவர் விரல்களைச் சுருக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குடையை விரித்தார். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

எங்கள் வாசலில் இருந்து கார் நிற்கும் இடம் நாற்பது அடி இருக்கும். முழுக்கச் சரளைக்கல். அவர் மெதுவாக, விழுந்துவிடாமல் நடந்தார். எதிர்வீட்டுக் கிழவர் புல் வெட்டுகிற மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். காரடியில் போய் இங்கா நின்றார். அங்கிப் பையைத் தடவினார். கார்த் திறப்பு எங்கள் மேசையில் கிடந்தது.

அவர் திரும்பவில்லை. குடையோடு எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். மதுரா திறப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில், “திரும்பாதே, இங்கா, திரும்பாதே” என்று அவர்கள் மொழியில் சொன்னாள். இங்கா கையை மட்டும் பின்னால் நீட்டினார். மதுரா திறப்பை உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டியது யார் என்று தெரியாமல், தானும் பின்பக்கமாகவே நடந்து வந்தாள்.

கார் போனது. போய்வாங்கோ என்று சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆறு வருசத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் வந்த ஒரே ஆள் அவர். வாசலில் அவருடைய சேற்றுச் சப்பாத்து கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, மதுராவிடம் கொடுத்துவிட வைத்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். வெளியே வெயில் அன்று முழுவதும் குறையவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வேலை இடைவேளையில் தம்பி போன் எடுத்தான்.

“அக்கா, குடுத்தாச்சோ?”

“ஓம்.”

“செருப்பு?”

“ஓம். போட்டு நடந்தது.”

“ஆர் வந்தது? ஐயரோ, குருக்களோ?”

“குருக்கள்” என்றேன்.

“அப்ப சரி” என்றான். போன் நின்றது. அன்று மீன் குறைவு. இரண்டு மணிக்கே எங்களை வீட்டுக்கு விட்டார்கள்.